மேகம் ஏறும் விளிம்பு

2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. சென்னையில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழை சராசரியாக 1,400 மி.மீ. அளவுக்கு இருக்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஒரு பகலும் ஓர் இரவும் முடிவதற்குள் ஒரு மலைச்சரிவில் கொட்டித் தீர்த்தது. அவலாஞ்சியிலிருந்து உதகைக்குச் சாலை வழியே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் உதகைக்குச் சாதாரண ஆண்டில் கிடைக்கும் மொத்த மழையே இந்த ஒருநாள் மழையைவிடச் சற்றுத்தான் அதிகம்.

இவ்வளவு அருகில் இருந்தும் இவ்வளவு வேறுபாடு ஏன் என்பதற்கு விடை மேற்கே இருக்கிறது. அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தின் நிலம்பூர்ச் சமவெளியைக் கடந்ததும் குந்தா மலைத்தொடரின் மேற்குச் சுவரில் வந்து மோதுகிறது. ஒதுங்கிப் போக இடமில்லாததால் மேலே ஏறுகிறது. உயரம் கூடக் கூட அழுத்தம் குறையும், காற்று விரியும், விரியும் காற்று குளிரும். அதிலுள்ள ஈரம் நீராவியாகவே இருக்கும்வரை 1,000 மீட்டர் ஏற்றத்துக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி செல்சியஸ் குறையும். ஓர் உயரத்தில் காற்றால் அந்த நீராவியை இனி வைத்திருக்க முடியாது. துளிகள் உருவாகத் தொடங்கும். அதுதான் மேகத்தின் அடித்தளம். நீராவி நீராகும்போது வெப்பத்தை வெளிவிடுவதால், அதற்கு மேல் காற்று குளிரும் வேகம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும்.

மேகத்தின் அடித்தளம் எந்த உயரத்தில் இருக்கும் என்பதை மலையடிவாரத்திலேயே கணக்கிட்டுவிடலாம். காற்றின் வெப்பநிலை தெரிய வேண்டும். எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அந்தக் காற்றில் பனித்துளி அரும்புமோ அந்தப் பனிப்புள்ளியும் தெரிய வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு டிகிரிக்கும் 125 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் அடிவாரத்தில் வெப்பநிலை 27, பனிப்புள்ளி 24 என்றால், வெறும் 375 மீட்டர் ஏறியதுமே மேகம் தொடங்கிவிடும். அதற்கு மேலுள்ள மலை முழுக்க மேகத்துக்குள். ஜனவரியில் 30, 18 என்று இருந்தால் 1,500 மீட்டர் ஏற வேண்டும். கைபேசியில் இன்று எல்லாருக்கும் கிடைக்கும் இரண்டு எண்களை வைத்து, எந்த உயரத்தில் கண் பயன்படும், எந்த உயரத்தில் காதை நம்ப வேண்டும் என்று கிளம்பும் முன்பே ஓரளவு சொல்லிவிடலாம்.

மேகம் ஏறிவரும் அந்த மேற்கு விளிம்பில்தான் வரையாடு வாழ்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, தமிழ்நாட்டின் மாநில விலங்கான அது, ஒரு பக்கம் புல்லும் மறுபக்கம் செங்குத்துப் பாறையும் இருக்கும் இடத்தை விட்டு விலகுவதே இல்லை. முக்குர்த்தி தேசியப் பூங்காவின் 78 சதுர கிலோமீட்டரில் அப்படிப்பட்ட இடம் பெரும்பாலும் மேற்கு ஓரத்தில்தான். வரையாட்டைத் தேடி ஏறுபவர், தமிழகத்தில் வானிலை மிக வேகமாக மாறும் ஓர் இடத்தை நோக்கித்தான் ஏறுகிறார். மேகம் விலகட்டும், பிறகு விலங்கைப் பார்க்கலாம் என்று பலர் காத்திருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மணி நேரத்தில் எந்த விலங்கு எந்தச் சரிவில் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் காற்றும் வெயிலும் பனியுமே முடிவு செய்கின்றன. வானத்தை முதலில் வாசித்தால் பைனாகுலரை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரிந்துவிடும்.

தமிழ்நாடு வனத்துறை 2024 இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் அவலாஞ்சி–கொலரிபெட்டா பாதையும் இருக்கிறது. கொலரிபெட்டா ஏறக்குறைய 2,630 மீட்டர். தொட்டபெட்டாவைவிடச் சில மீட்டர்தான் குறைவு. பழங்குடி இளைஞர்கள் உள்ளிட்ட உள்ளூர் வழிகாட்டிகளோடுதான் போக முடியும், அதுதான் சரியும்கூட. புல்லில் ஒரு தடம் கடமானுடையதா காட்டுமாட்டினுடையதா என்பதையும், மேற்கே எழும்பும் வெள்ளை இன்னும் எத்தனை நேரத்தில் பாதையை மூடும் என்பதையும் ஒரே பார்வையில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

விடியலில் தொடங்குவோம். மழை ஓய்ந்த டிசம்பரிலோ ஜனவரியிலோ வானம் துடைத்துவைத்ததுபோல் தெளிந்த இரவில், புல்வெளி தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்கு இழந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, சரிவில் மெல்ல இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்குகிறது. அதனால் இந்த நேரத்தில் பள்ளம்தான் மிகக் குளிரான இடம். அங்கே புல்நுனிகளில் வெள்ளையாக உறைபனி. நூறு மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் சில டிகிரி கூடுதலாக இருக்கும். உயரம் கூடினால் குளிரும் என்று படித்த பாடம், தெளிந்த விடியற்காலையில் கொஞ்ச நேரம் தலைகீழாகிவிடுகிறது.

இந்த உறைபனிக்கு நீலகிரியின் முகத்தையே வரையும் ஆற்றல் உண்டு. மலையின் மடிப்புகளில் அடர்ந்த சோலை, முதுகுகளில் மரமே இல்லாத புல்வெளி, இரண்டுக்கும் இடையே கத்தியால் வெட்டியதுபோன்ற எல்லை. சோலை மரங்களின் விதைகள் புல்வெளியில் விழாமல் இல்லை. ஆனால் விதானத்துக்குக் கீழே இரவின் வெப்பம் தங்கியிருக்கிறது, வெட்டவெளியில் தங்குவதில்லை. புல்லுக்கு நடுவே முளைக்கும் சோலைக் கன்று உறைபனியில் கருகிவிடுகிறது. புல்லின் வேர் பிழைத்துக்கொள்கிறது. தீயும் மேய்ச்சலும் தங்கள் பங்குக்குப் புல்லுக்குத் துணை நிற்கின்றன.

காட்டை அழித்ததால் வந்த வெற்றுநிலம்தான் இந்தப் புல்வெளி என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கும் கரிமண் அதை மறுக்கிறது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனை இருவேறு வழிகளில் எடுத்துக்கொள்கின்றன. அந்த வேறுபாடு, அவை மக்கிய மண்ணிலும் கார்பன் ஐசோடோப்புகளின் விகிதமாகப் பதிந்துவிடுகிறது. இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993 இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பதிவை வாசித்தது. கடைசிப் பனியுகம் உச்சத்திலிருந்த ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் செழித்திருந்தது. பிறகு ஈரம் கூடிய காலங்களில் மரங்கள் பரவின, வறண்ட காலங்களில் புல் மீண்டது. மனிதர் இங்கே மாடு மேய்ப்பதற்கு வெகுமுன்பே இந்தப் புல்வெளி இருந்திருக்கிறது. அதை வெற்றுநிலமாகக் கருதி மரம் நட்டவர்கள் ஒரு பழைய உலகத்தின்மேல் நட்டார்கள். அந்தத் தவறின் விலைக்குப் பின்னால் வருகிறேன்.

விடியலில் பார்க்கும் வேலை சோலை விளிம்பில்தான். இரவெல்லாம் புல்வெளியில் மேய்ந்த கடமான்கள் வெளிச்சம் வர வர மரநிழலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். குளிர்காற்று அடியிலும் சற்றே வெம்மையான காற்று மேலேயும் இருப்பதால், ஒலி மேலே தப்பிப் போகாமல் வளைந்து தரைக்கே திரும்புகிறது. அதனால்தான் விடியலில் எதிர்ச்சரிவின் சோலையில் கருமந்தி எழுப்பும் ஆழ்ந்த குரல் அருகிலிருப்பதுபோல் கேட்கிறது. நீலகிரிச் சிரிப்பான்களின் கூச்சலும், சோலைக்கிளியின் சீழ்க்கைப் பாட்டும் அப்படித்தான். சோலைக்கிளி கிளி இனமல்ல. சோலையின் இருண்ட அடித்தளத்தில் வாழும் நீலநிறச் சிறு பறவை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ளது ஓர் இனம், தெற்கே உள்ளவை வேறு. முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமான அந்தத் தாழ்நிலத்தின் வெக்கையைக் கடக்க இந்தப் பறவையால் முடியவில்லை. ஒவ்வொரு மலையுச்சியும் அதற்கு ஒரு தீவு. 2017 இல் அறிவியலாளர்கள் சோலைக்கிளிகளுக்கென்றே ஒரு புதிய பேரினத்தை வகுத்தார்கள்.

வெயில் ஏறியதும் காற்று திசை மாறும். இது மலையேறுபவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. இரவில் சரிவில் இறங்கிய காற்று, சூரியன் கிழக்குச் சரிவைச் சூடாக்கத் தொடங்கியதும் தயங்கி நின்று, பிறகு மேல்நோக்கி வீசத் தொடங்குகிறது. கீழிருந்து ஏறுபவரின் வாசனை அவருக்கு முன்னாலேயே உச்சிக்குப் போய்விடும். மோப்பத்தை நம்பி வாழும் கடமான் உங்களைப் பார்ப்பதற்கு முன்பே எழுந்து போயிருக்கும். ‘டாங்க்’ என்று ஒரு எச்சரிக்கைக் குரல் மட்டும் கேட்கும். இருட்டு விலகும்போதே கிளம்பி, இறங்குகாற்று முகத்தில் படும்போதே உயரத்தை அடைந்துவிடச் சொல்லும் வழிகாட்டியின் அவசரத்துக்குக் காரணம் இதுதான். ஒருவேளை தாமதமானால், சிகரத்துக்கு நேராக ஏறாமல் பக்கவாட்டில் சுற்றி ஏறுவது நல்லது. கொஞ்சம் புல்லைக் கிள்ளி உதிர்த்தால் காற்று போகும் திசை தெரிந்துவிடும்.

வெயில் பட்ட சில நிமிடங்களில் புதர்களின் நுனியில் முதுகில் முள்வரிசை கொண்ட நீலகிரி ஓணான் வந்து ஒட்டிக்கொள்ளும். உடலை வெயிலுக்குச் சரித்துக் காட்டி அசையாமல் இருக்கும். குளிரில் அதன் தசைகள் மந்தம். வெயில்தான் அதன் காலை உணவுக்கு முந்தைய உணவு. ஒரு மேகநிழல் கடந்தால்கூட இறங்கிவிடும். தலைக்குப் பின்னால் லாட வடிவக் குறியுள்ள ஒரு குழிவிரியனும் இந்தப் புல்வெளிகளில் உண்டு. வெயில் காயும் பாறையில் கைவைக்குமுன் பார்த்துவிட்டு வைக்க வேண்டும். சரிவில் மோதி எழும்பும் காற்றில் சிற்றெழால் ஒரே இடத்தில் நின்று இறக்கை அடிக்கும். சோலையின் விதானத்தை உரசுவதுபோல் கருங்கழுகு மெல்ல மிதந்து போகும், பறவைக் கூடுகளைத் தேடி. காற்று எந்தச் சரிவில் மேலெழும்புகிறது என்பதை நமக்குக் காட்டிக்கொடுப்பவை இவை.

இனி வரையாடு. வரையாட்டைக் கீழிருந்து தேடுவது வீண். பாறைமேல் இளைப்பாறும் மந்தை சிறுத்தையும் செந்நாயும் ஏறிவரும் கீழ்ப்பக்கத்தையே கவனித்துக்கொண்டிருக்கும். மோப்பத்தைவிடக் கண்ணையே நம்பும் விலங்கு. வெகுதூரத்திலேயே மனித உருவத்தை அடையாளம் கண்டு நகர்ந்துவிடும். முகட்டின் பின்பக்கமாக ஏறி, விளிம்புக்குச் சற்று முன்னரே குனிந்து, தலையை மட்டும் நீட்டிக் கீழே பார்க்க வேண்டும். புல் முடிந்து பாறை தொடங்கும் கோட்டைப் பைனாகுலரால் மெதுவாக வருடுங்கள். 8 மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்புள்ள பைனாகுலர் போதும். அதிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 5 மி.மீ. அகலத்துக்குச் சற்று மேல். மங்கிய வெளிச்சத்தில் விரிந்த கண்மணிக்கு அது பொருந்தும். 12 மடங்கு வாங்கிக்கொண்டு விளிம்புக் காற்றில் கை நடுங்க நிற்பதில் பயனில்லை.

முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பெட்டைகளும் குட்டிகளும். சாம்பல் கலந்த பழுப்பு, காய்ந்த புல்லோடு கலந்துபோகும் நிறம். வளர்ந்த கிடா வேறு மாதிரி. ஏறக்குறையக் கறுத்த உடல், முதுகில் சேணம் போட்டதுபோல் வெள்ளிநிறத் திட்டு, பெட்டையைப்போல் ஏறக்குறைய இருமடங்கு எடை. ஆண்டின் பெரும்பகுதி கிடாக்கள் தனியே திரிகின்றன. மழைக்காலத்தில், மேகம் விளிம்பை மூடிக்கிடக்கும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையான மாதங்களில்தான், பெட்டைகளின் மந்தைக்கு வருகின்றன. அப்போது இணை சேர்கின்றன. கிட்டத்தட்ட ஆறு மாதச் சினைக்குப் பிறகு ஜனவரி, பிப்ரவரியில் குட்டிகள் பிறக்கின்றன. நாம் ஏறவே முடியாத மாதங்களில் நடப்பது, நமக்கு வானம் தெளிந்திருக்கும் மாதங்களில் குட்டியாக வந்து நிற்கிறது. மழையும் மேகமும் இல்லாத நாட்களில் குட்டி கால் ஊன்றக் கற்றுக்கொள்கிறது. கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவை இந்த ஈற்றுக் காலத்தில் பார்வையாளர்களுக்கு மூடிவிடுகிறார்கள். உலகிலேயே மிகப் பெரிய வரையாட்டுக் கூட்டம் அங்கேதான் இருக்கிறது.

வரையாட்டைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பங்கு இப்படி விளிம்பில் படுத்துக்கிடந்து பார்த்தவர்கள் தந்தது. பனிச்சிறுத்தையையும் பாண்டாவையும் ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர் 1969 இல் இங்கே வந்து வரையாட்டைக் கவனித்தார். 1975 இல் இ.ஆர்.சி. டேவிதார் அதன் எண்ணிக்கையை முறையாக ஆராய்ந்தார். அவர் நினைவாகவே அக்டோபர் 7 ஐத் தமிழ்நாடு அரசு வரையாடு தினமாக அறிவித்திருக்கிறது. பெயரில் ஆடு என்றாலும், 2005 இல் வெளியான மரபணு ஆய்வு ஓர் எதிர்பாராத உறவைக் காட்டியது: இமயமலையில் வாழும் ‘தார்’ என்ற காட்டாட்டைவிட, செம்மறியாடுகளின் வம்சத்தோடுதான் இது நெருங்கியது. அதனால் இமயத்துத் தாரிடமிருந்து பிரித்து இதற்கென்றே தனிப் பேரினம் வகுத்தார்கள். அந்தப் பேரினத்தில் இந்த ஓர் இனம் மட்டுமே.

மந்தையைக் கண்டுபிடித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, மேற்கே வெள்ளை எழும்பும். பகல்வெயிலில் சூடான கேரளச் சமவெளியின் காற்று பள்ளத்தாக்குகள் வழியே ஏறிவந்து, அதில் உருவான மேகம் விளிம்பின் உயரத்தைத் தொட்டதும் கொட்டிப் பரவத் தொடங்குகிறது. ஐந்து நிமிடத்தில் எதிர்ச்சரிவு மறையும். பத்து நிமிடத்தில் கையெட்டும் தூரத்துப் புதர் சாம்பல்நிறமாகும். மேகத்தின் ஒரு துளி பத்து, இருபது மைக்ரான் அகலம்தான், தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. அது ஒளியின் அலைநீளத்தைவிடப் பலமடங்கு பெரியது என்பதால், நீலத்தையும் சிவப்பையும் ஏறக்குறைய ஒரேபோலச் சிதறடிக்கிறது. ஆகவே மேகம் வெண்மை. பைனாகுலரால் இதைத் துளைக்க முடியாது. பெரிதாக்கினால் வெண்மையும் சேர்ந்துதான் பெரிதாகும்.

முதுகுக்குப் பின்னால் சூரியனும் முன்னால் மேகச்சுவரும் அமையும் அபூர்வமான சில கணங்களில், உங்கள் நிழல் நீண்ட உருவமாக மேகத்தில் விழும். தலையைச் சுற்றி வண்ண வளையங்கள். துளிக்குள் புகுந்த ஒளி வந்த வழியே திரும்பும்போது அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு வண்ணம் பிரிவதால் வருவது இது. துளிகள் ஒரே அளவாக இருந்தால் வளையம் கூர்மையாகத் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தலையைச் சுற்றி மட்டுமே வளையம், உங்களுக்கு உங்கள் தலையைச் சுற்றி. ஒருவரின் ஒளிவட்டத்தை இன்னொருவர் பார்க்க முடியாது.

மேகம் மூடியதும் நடப்பதை நிறுத்திவிடுவது இரண்டு காரணங்களுக்காக நல்லது. ஒன்று, விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. மற்றது, இதுவரை பார்த்த உலகம் இப்போது கேட்கும் உலகமாகிறது. காய்ந்த வெயிலில் இலைச்சருகுக்குள் முடங்கியிருந்த புதர்த்தவளைகள் ஈரம் படிந்ததும் பகலிலேயே ‘டிக், டிக்’ என்று குரல் கொடுக்கத் தொடங்கும். கட்டைவிரல் நகத்தளவே உள்ள இவற்றுக்குத் தோல்தான் பாதி நுரையீரல். தோல் காய்ந்தால் உயிர் போகும். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாகி வெளியே வருபவை இவை. குட்டை வேண்டாம், காற்றின் ஈரம் போதும். சோலை மரங்களின் பாசியும் இலைநுனிகளும் கடந்துபோகும் மேகத்தைத் தடுத்துத் துளியாக்கி வீழ்த்துகின்றன. மழை பெய்யாமலேயே சோலைக்குள் சொட்டும் அந்த நீரில் ஒரு பங்கு ஓடைகளுக்குப் போகிறது. பைக்காராவும் பவானியும் பிறப்பது இந்தப் புல்வெளி, சோலைகளின் மடியில்தான்.

மேகத்துக்குள் நிற்கும்போது நான் வரையாடுகளை எப்போதும் பாறையை ஒட்டித்தான் கண்டிருக்கிறேன். கண்ணை நம்பி வாழும் விலங்குக்குக் கண் போய்விட்டால் கால்தான் துணை. பாறை அருகே இருக்கும்வரை இரண்டு தாவலில் எந்தச் சிறுத்தையும் தொடர முடியாத இடத்துக்கு அது போய்விடும். எனவே மேகம் கலைகிற கணத்தில் பார்க்க வேண்டிய இடம் திறந்த புல்வெளி அல்ல, விளிம்பின் கடைசிச் சில மீட்டர்கள். திரை ஒருமுறை விலகும்போது முப்பது அடி தூரத்தில் ஒரு பெட்டை அசைபோட்டுக்கொண்டு நின்றதுண்டு. நம்மைப் பார்த்ததும் முன்னங்காலைத் தரையில் தட்டி, சீழ்க்கை போன்ற ஓர் ஒலி எழுப்பும். அடுத்த கணம் புல் மட்டும் இருக்கும்.

மலையின் வானிலை மனிதனிடம் கேட்கும் விலையையும் சொல்லிவிட வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை ஏறுவது கிட்டத்தட்ட 1,900 மீட்டர். 1,000 மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி என்று கொண்டால் 12 டிகிரி குறைகிறது. அடிவாரத்து வெக்கையில் போட்ட பருத்திச் சட்டையோடு விளிம்புக்குப் போய்ச் சாரலில் நனைந்து காற்றில் நிற்பவர், 10 டிகிரியிலேயே ஆபத்துக்கு ஆளாகலாம். உடலின் வெப்பத்தை நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்தும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரம். நடுக்கம், பிறகு தடுமாற்றம், பிறகு குழறும் பேச்சு. குழறத் தொடங்கியவரைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. ஈர உடையைக் களைந்து கம்பளி போர்த்தி இறக்கிவிட வேண்டும். இன்னோர் ஆபத்து மின்னல். மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஒவ்வொரு மூன்று நொடியும் ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும். தனிமரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

வறண்ட காலத்தின் ஆபத்து வேறு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். காய்ந்த புல்லில் தீ சரிவின் மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். தனக்கு மேலுள்ள புல்லை வெக்கையால் முன்கூட்டியே காயவைத்துவிடும். காலையில் கடமானுக்கு உங்கள் வாசனையைக் கொண்டுபோன அதே ஏறுகாற்றும் தீயைத் தள்ளிவிடும். அந்த மரணங்களுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. தீப்பருவத்தில் பாதைகளை மூடுவதை எரிச்சலோடு பார்ப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

புல்வெளியில் மரம் நட்ட கதைக்கு வருகிறேன். சீகை, கற்பூரமரம், பைன் ஆகியவை தோல் பதனிடும் பட்டைக்காகவும், காகிதக் கூழுக்கும் விறகுக்குமாக மலைமுதுகுகளில் நடப்பட்டன. ஆஸ்திரேலியாவின் குளிர்ந்த பகுதியிலிருந்து வந்த சீகை, சோலைக்கன்றைக் கொல்லும் உறைபனியைத் தாங்கிக்கொள்கிறது. இயற்கை புல்லுக்கும் மரத்துக்கும் இடையே வைத்திருந்த வேலி அதற்கு வேலியே இல்லை. பழனி மலைகளை ஆய்ந்தவர்கள், 1973 முதல் 2014 வரையான காலத்தில் அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து கண்டறிந்தார்கள். வரையாட்டுக்குச் சீகைக் காட்டில் புல் இல்லை, பார்வை இல்லை. சிறுத்தைக்கு மறைவிடம் உண்டு. சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் வேலை நீலகிரியில் தொடங்கியிருக்கிறது. அது வேகம் பெற வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். மரத்தை வெட்டுவது சூழலுக்கு நல்லது என்று நம்ப மறுக்கும் நண்பர்களை விளிம்புக்கு ஒருமுறை அழைத்துப்போனால் போதும்.

உலகம் சூடாவது அடுத்த கணக்கு. ஆறரை டிகிரிக்கு 1,000 மீட்டர் என்றால், ஒரு டிகிரி வெப்பம் கூடினால் ஒரு விலங்கு தனக்குப் பழக்கமான குளிரைத் தேடி ஏறக்குறைய 150 மீட்டர் மேலே போக வேண்டும். கொலரிபெட்டாவின் உச்சியில் நிற்கும் மந்தைக்கு மேலே மலை இல்லை. உறைபனி இரவுகள் குறைந்தால் புல்லைக் காத்த குளிரும் குறையும். பாலக்காட்டுக் கணவாயின் தாழ்நிலம் நடுவே கிடப்பதால், ஆனைமலையின் வரையாடுகள் இங்கே வந்து இந்தக் கூட்டத்துக்குத் துணை சேர முடியாது.

இப்படியொரு விலங்கு எத்தனை மிச்சமிருக்கிறது என்று எண்ணுவதும் மேகத்தோடு செய்யும் வேலைதான். நீலகிரி வரையாடு திட்டத்தை 2023 இல் தொடங்கிய தமிழ்நாடு, கேரளத்தோடு இணைந்து ஒரே நாட்களில் கணக்கெடுக்கிறது. 2024 இல் தமிழ்நாட்டில் 1,031 என்றும், 2025 இல் 1,303 என்றும் எண்ணிக்கை வந்தது. கேரளத்தையும் சேர்த்தால் 2025 இல் 2,668. இது போன்ற மலைக் கணக்கெடுப்பில் ஒரே பகுதியை மீண்டும் மீண்டும் நடந்து எண்ணுவார்கள். எடுத்துக்காட்டாக நான்கு முறை எண்ணியதில் 34, 41, 29, 45 என்று வந்தால் சராசரி எடுப்பதில்லை. 29 என்றது ஆடு குறைந்ததால் வந்ததில்லை, அன்றைய மேகத்தால் வந்தது. மிக உயர்ந்த எண்ணை இரட்டிப்பாக்கி, இரண்டாவது உயர்ந்த எண்ணைக் கழிப்பார்கள்: 90 இல் 41 போனால் 49. யாருமே காணாத நான்கு ஆடுகள், நான்கு நாளும் மூடுபனிக்குள் பாறையை ஒட்டி நின்றவை, அந்தக் கழித்தலின் வழியே பதிவேட்டுக்குள் வருகின்றன.